எண்ணூர் ஆற்றில் சாம்பல்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கழிமுகத்தான்:

நான் பிறந்தது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில். வேலை அம்பத்தூரில். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஊருக்குப் போகிறேன்.

அனல் மின் நிலையம் என்றால் எல்லோரும் புகைக்கூண்டைத்தான் படம் எடுக்கிறார்கள். ரயிலில் அத்திப்பட்டைத் தாண்டும்போது கண்ணில் படுவதும் அதுதான். எங்கள் ஆட்களின் பாடு ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. அதை யாரும் படம் எடுக்க முடியாது, காலால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சின்ன வயதில் சித்தப்பாவோடு கொசஸ்தலை ஆற்றில் இறங்குவேன். நடு ஆற்றில் எனக்கு நிலைக்காது, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மிதப்பேன். அதே இடத்தில் இன்று தண்ணீர் ஏறியிருக்கும்போதே இடுப்பளவுதான். வற்றம் என்றால் முழங்கால். இன்ஜினைத் தூக்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

சேற்றுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். சேற்றில் கால் வைத்தால் விரலிடுக்கில் பிதுங்கி மேலே வரும், கழுவினால் போய்விடும். சாம்பல் மேலே ஓடு மாதிரி இறுகியிருக்கும். மிதித்ததும் உடைந்து கணுக்காலைக் கவ்வும். கரையேறிக் காய்ந்தால் தோல் வெள்ளை பூத்துவிடும், அப்புறம் அரிப்பு. வலையும் அப்படித்தான். அலசாமல் காயப்போட்டால் விறைத்து நிற்கும், உதறினால் சிமெண்டு மூட்டையை உதறினாற்போலத் தூள் பறக்கும்.

எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாக இருப்பது இருளர் பெண்களை நினைத்தால்தான். அவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். இறால் புதைந்து கிடக்கிற இடம் அவர்கள் விரலுக்குத் தெரியும். சாம்பல் மூடிய தரையில் இறால் எங்கே போய்ப் புதையும்? போன மாதம் ஒரு அக்கா மூன்று மணி நேரம் துழாவிவிட்டு ஏறினார். பறியில் இரண்டு கை அளவுகூட இல்லை. “கை எரியுது தம்பி” என்று மட்டும் சொன்னார்.

பழைய சாம்பல் லைன்மேன்:

ஒப்பந்தத்தில் ஒன்பது வருடம் சாம்பல் குழாய்ப் பாதையில் வேலை செய்தேன். எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை. வேலையைச் சொல்கிறேன்.

நிலக்கரியை மாவாக அரைத்துத்தான் பாய்லரில் ஊதுவார்கள். எரிந்த பிறகு கட்டியாக அடியில் விழுவது கொஞ்சம், ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மிச்சமெல்லாம் புகையோடு பறக்கிற பொடிச் சாம்பல். அதைப் புகைக்கூண்டுக்கு முன்னாடியே மின்சாரத் தகடுகளில் ஒட்டவைத்து உதிர்த்து எடுப்பார்கள். தகடுகள் ஒழுங்காக வேலை செய்தால் புகை சுத்தமாகத் தெரியும். ஆனால் அந்தச் சாம்பல் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. சிமெண்டு, செங்கல் கம்பெனிக்கு லாரியில் போனது போக, மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கிக் குழாயில் பம்ப் செய்து சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள்.

இந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணல் மாதிரி அரிக்கும். குழம்பில் கனமானது அடியிலேயே உருண்டு போவதால் குழாயின் அடிப்பக்கம் மட்டும் தேயும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஜாயிண்டைக் கழற்றி, குழாயைக் கொஞ்சம் சுழற்றி மாட்ட வேண்டும். தேய்ந்த பக்கம் மேலே போய், தேயாத பக்கம் கீழே வரும். இதைச் சரியாகச் செய்தால் குழாய் பல வருடம் வரும். தள்ளிப்போட்டால் அடி பிய்த்துக்கொள்ளும்.

நான் இருந்த இடத்தில் தள்ளித்தான் போட்டார்கள். ஓட்டை விழுந்தால் ரப்பர் ஷீட்டைச் சுற்றி, கிளாம்ப் போட்டு, மேலே சாக்கைக் கட்டுவோம். பம்பை நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டும் என்பதால் ஓடும்போதே கட்டச் சொல்வார்கள். ஒருநாள் விடியற்காலை, ஆற்றுக்கு மேலே போகிற குழாயில் மூன்று ஆள் உயரத்துக்குச் சாம்பல் தண்ணீர் பீய்ச்சியது. கீழே ஒரு படகில் அப்பாவும் பையனும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துண்டை எடுத்துப் பையன் தலையில் போட்டார். எங்களை நிமிர்ந்து பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குக் கட்டு நிற்க மதியம் ஆயிற்று. அந்தக் கையால் சோறு தின்றேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

செப்பாக்கம்:

எங்க ஊரை ஒட்டித்தாங்க அந்தக் குளம். ஆத்துல இருக்கறவங்களுக்குக் குழம்பு, எங்களுக்குத் தூள். குளம் ஈரமா இருக்கற வரைக்கும் பரவாயில்ல. சித்திரை, வைகாசியில காஞ்சு மேல்காத்து அடிச்சா ஊரே மங்கிடும். குடத்துக்கு மூடி, சோத்துக்கு மூடி, தொட்டில்ல கிடக்கற புள்ளைக்கு ஈரத்துணி. துவைச்சு காயப்போட்டத மறுபடி அலசணும். குழாய்த்தண்ணிய வாயில வைக்க முடியாம கேன் வாங்கறோம். பொண்ணு கேட்டு வந்தவங்க வாசல்ல செருப்பு கழட்டாம நின்னுட்டு, தரையப் பாத்துட்டு, உள்ள வராமலே போயிட்டாங்க. காலையிலதான் மூணு தடவ பெருக்குனேன்.

அண்ணா நகர்:

படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பது சாதாரணம். அப்படியானால் யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பல். போன கரண்டு பில்லை எடுத்துப் பார்த்தேன்: இரண்டு மாதத்துக்கு 820 யூனிட். 200 கிலோ சாம்பல், என் ஒரு வீட்டுக்கு மட்டும். மின்சாரம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த 200 கிலோவை எங்கே கொட்டுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வழக்கு ஏதாவது நடக்கிறதா?

கழிமுகத்தான்:

நடந்ததுங்க. ஒரு மீனவர் 2016இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனார். நிபுணர் குழு வந்து ஆற்றையும் மண்ணையும் ஆய்வு செய்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது, ஆற்றை மீட்டுத்தரச் சொல்லி. அந்த ஆறு வருடத்தில் எங்கள் தெருவில் நாலு பேர் படகை விற்றுவிட்டுக் கம்பெனிக்கு லோடு இறக்கப் போய்விட்டார்கள். புகைக்கும் இதே கதைதான். புகையில் வருகிற கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வைத்து, அதைப் பிடிக்கிற கருவியை இரண்டே வருடத்தில் பொருத்தச் சொன்னார்கள். அப்புறம் கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

கழிமுகத்தைச் சுற்றி இன்று 3,000 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள நிலக்கரி உலைகள் நிற்கின்றன. இதில் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை, எங்கள் வீட்டிலும் அந்தக் கரண்டில்தான் விளக்கு எரிகிறது. குழாயை மாற்றச் சொல்கிறோம், கிடக்கிற சாம்பலை அள்ளச் சொல்கிறோம். அள்ளும்போதும் அடியில் இருக்கிற சேற்றைச் சேர்த்து வாரிவிடாமல், எங்கள் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அள்ள வேண்டும். எது சாம்பல், எது தரை என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

லைன்மேன் அண்ணே, நீங்கள் எழுதியதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் படகில் இருந்தது அவர் இல்லையாம், ஆனால் அப்படி நனைந்தவர்கள் ஊரில் நிறைய பேராம். “அந்தத் தம்பி நல்லா இருக்கட்டும்” என்றார். பிறகு என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். நான் அவர் தோளைப் பிடித்து மிதந்த இடத்தில் படகை நிறுத்தி, மூங்கில் கழியைச் செங்குத்தாக ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்து அழுத்தி, உருவி எடுத்தார். கழியில் ஒரு முழத்துக்குச் சாம்பல் ஒட்டியிருந்தது. நுனியில் மட்டும் நாலு விரற்கடை கறுப்புச் சேறு. அதை விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழைய ஆத்து வாசனை அப்படியே இருந்தது.