பக்கியின் சக்கர வளைவை ஒட்டலாமா, வெல்டு அடிக்கலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் பழைய நிசான் 1400 பக்கியின் (சின்ன பிக்கப் வண்டி) பின்சக்கர வளைவுகளை அகலப்படுத்தப் புதுத் தகடு வளைத்து வைத்திருக்கிறேன். பாடியோடு இணைப்பதில்தான் குழப்பம்.

மிக் (MIG, கம்பி ஊட்டி அடிக்கும்) வெல்டிங் எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. விட்டு விட்டுப் பொட்டு வைத்தாலும் சூட்டில் நெளியப் பார்க்கும். உள்பக்கப் பெயிண்ட் வேறு கருகிப்போகும். இந்த ஊர்க் கடல்காற்றுக்கு அது போதும், துரு அங்கேயிருந்துதான் கிளம்பும்.

பெயிண்ட் கடைக்காரர் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பேனல் பசையைக் காட்டுகிறார். வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, விளிம்பின்மேல் விளிம்பு படியவைத்து, கிளாம்ப் போட்டு இறுகவிட வேண்டுமாம். பாரம் தாங்கும் தூண், கதவடிச் சட்டம் மாதிரி இடங்களில் பசையை மட்டும் நம்பக் கூடாது, சரி. இது வெளித்தகடுதானே?

என் பயம் வேறு. டிசம்பர் வெயிலில் ஒட்டிய கோடு பெயிண்டுக்கு மேலே தெரியுமா? அப்புறம், முனைகளில் மட்டும் வெல்டு பொட்டு வைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்துப் பசை கெட்டுவிடாதா? எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?

செய்து பார்த்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். சில வருடம் ஓடிய வண்டியின் படம் இருந்தால் இன்னும் நல்லது.