"கோர்ஸை முழுசா முடிக்கணும்": இந்த அறிவுரையை இன்னும் சொல்லலாமா? (இணைய விவாதம்: ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

வார்டுரவுண்ட்ஸ்

"பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், அதனால் ஸ்ட்ரிப் தீரும்வரை சாப்பிடுங்கள்." ஆன்டிபயாடிக் கொடுக்கும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறோம். காசநோய் போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற பாக்டீரியாத் தொற்றுகளில் இதைச் சொல்வதை விட்டுவிட வேண்டும் என்பது என் வாதம்.

இதன் வேர் 1945இல் பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் ஆற்றிய நோபல் உரையில் இருக்கிறது. தொண்டைவலிக்குப் போதாத அளவில் பென்சிலின் போட்டுக்கொண்ட ஒருவரை அவர் கற்பனையாகச் சொன்னார். அவர் தொண்டையிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மருந்துக்குப் பழகி, மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவில் மனைவி இறந்துபோகிறார். தொண்டைவலி தரும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸோ, பென்சிலின் சிகிச்சையே தோற்கும் அளவுக்கு இன்றுவரை எதிர்ப்புப் பெறவில்லை. மேலும் ஃப்ளெமிங் எச்சரித்தது குறைந்த டோஸைப் பற்றி. நாம் அதை நாள் கணக்காக்கிக்கொண்டோம்.

எதிர்ப்பு இரண்டு வழியில் வளர்கிறது. ஒன்று, நோய் தந்த கிருமிக்குள்ளேயே மாற்றம் நேர்வது. காசநோய் இந்த வகை. மற்றது, குடலிலும் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை மருந்தில் வடிகட்டப்பட்டு, எதிர்ப்புள்ளவை மட்டும் மிஞ்சுவது. இன்று வார்டுகளில் நம்மைத் திணறடிக்கும் எதிர்ப்பில் பெரும்பங்கு இரண்டாவது வழியில் வந்தது. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்புக்கே உதவுகிறது.

ஆய்வுகளும் இருக்கின்றன. 2015இல் வந்த ஸ்டாப்-ஐடி, வயிற்றுக்குள் சீழ்த்தொற்று இருந்த 518 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. சுமார் 4 நாள் பிரிவில் சிக்கல் 21.8%, சுமார் 8 நாள் பிரிவில் 22.3%. 2024இல் வந்த பேலன்ஸ் ஆய்வில் இரத்தத்தில் பாக்டீரியா கலந்த (பாக்டீரீமியா) 3608 பேர். 90 நாளுக்குள் இறப்பு, 7 நாள் பிரிவில் 14.5%, 14 நாள் பிரிவில் 16.1%.

எல்லைக்கோடு

டாக்டர், எண்கள் சரிதான். யாரை வைத்து எடுத்த எண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டாப்-ஐடியில் இருந்த எல்லோருக்கும் சீழ் வடிக்கப்பட்டிருந்தது, அல்லது ஓட்டையான குடல் சரிசெய்யப்பட்டிருந்தது. வடிக்காத சீழுக்கு 4 நாள் போதும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. பேலன்ஸில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நோயாளிகளை எடுக்கவே இல்லை. செயற்கை இதய வால்வு உள்ளவர்களும், எதிர்ப்புச்சக்தி கடுமையாகக் குறைந்தவர்களும் வெளியே. ஆரியஸ் இரத்தத்தில் இருந்தால் சிக்கலில்லாத கேஸுக்கே குறைந்தது 14 நாள், சிக்கலானதற்கு 4 முதல் 6 வாரம். "பாக்டீரீமியாவுக்கு 7 நாள்" என்று ஒரே வரியில் நினைவில் வைத்திருப்பவர் இங்கேதான் சறுக்குவார்.

அடுத்தது ஆய்வின் அமைப்பு. பேலன்ஸ் போன்றவை நான்-இன்ஃபீரியாரிட்டி ஆய்வுகள். "குறுகியது சிறந்தது" என்று நிரூபிப்பவை அல்ல. "முன்கூட்டிக் குறித்த அளவைத் தாண்டி மோசமில்லை" என்று மட்டும் காட்டுபவை. பேலன்ஸில் அந்த அளவு 4 சதவீதப் புள்ளி. அதாவது 100 பேரில் 4 இறப்பு கூடுதலானால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய ஆய்வு. தவிர, 7 நாள் பிரிவில் சுமார் 23% பேர் குறித்ததைவிட நீண்ட நாள் மருந்து பெற்றிருக்கிறார்கள். இரண்டு பிரிவும் இப்படிக் கலந்தால் வித்தியாசம் மங்கும். வழக்கமான ஆய்வில் இந்த மங்கல் புதிய சிகிச்சைக்குப் பாதகம், இந்த வகை ஆய்வில் அதற்கே சாதகம்.

வார்டுரவுண்ட்ஸ்

நோயாளித் தேர்வு பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன், முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். 4 புள்ளி பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. அது தொடங்கும்போது போட்ட கோடு, கிடைத்த முடிவல்ல. வித்தியாசத்தின் நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு), 7 நாளுக்குச் சாதகமாக 4.0 புள்ளியிலிருந்து பாதகமாக 0.8 புள்ளி வரை. மோசமான ஓரத்தை எடுத்தாலும் ஆயிரத்துக்கு 8. குறித்த நாள் கணக்கைக் கடைப்பிடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

எல்லைக்கோடு

0.8 சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைப்பிடித்தவர்கள் கணக்கைத் துணைக்கு அழைக்காதீர்கள். 7 நாளில் நிறுத்த மருத்துவருக்குத் துணிவு வராத நோயாளி யார்? காய்ச்சல் விடாதவர், உடல் தேறாதவர். அவர்களைக் கழித்தால் 7 நாள் பிரிவில் தேறியவர்களே மிஞ்சுவார்கள். குலுக்கிப் பிரித்ததன் பலன் அங்கே போய்விடுகிறது.

சிறார்நலம்

ஒரு நிமிஷம். குறைச்சுப் பார்த்துத் தோற்ற ஆய்வுகளையும் மேசையில வைங்க. 2016ல 6 முதல் 23 மாசக் குழந்தைகள் 520 பேர், நடுக்காதுத் தொற்று, அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். 5 நாள் கொடுத்ததில 34% தோல்வி, 10 நாள்ல 16%. இரட்டிப்புக்கும் மேல. நீங்க சொல்ற வடிகட்டல் கணக்குப்படி 5 நாள் குழந்தைகளோட மூக்குல எதிர்ப்புள்ள கிருமி குறைஞ்சிருக்கணுமே? சொல்லும்படியா வித்தியாசம் வரல. நாளைக் குறைச்சதோட விலையைக் குழந்தை கொடுத்தது, பலன் யாருக்கும் கிடைக்கல.

பெரியவங்களுக்கும் இருக்கு. ஆண்களுக்குக் காய்ச்சலோட வர்ற சிறுநீர்த் தொற்றுக்கு ஆஃப்லாக்சசின் 7 நாள்ல வெற்றி 55.7%, 14 நாள்ல 77.6%. அதே காய்ச்சல் இல்லாத ஆண்களுக்கு 7 நாள் போதும்னு 2021ல இன்னொரு ஆய்வு காட்டிடுச்சு. காய்ச்சல் வந்தா பெரும்பாலும் புராஸ்டேட்டும் சேர்ந்திருக்கும், அதுக்குள்ள பல மருந்துகள் இறங்குறது கஷ்டம். செயற்கை மூட்டுல தொற்றுன்னா 6 வாரத்துல 18.1% பேருக்குத் தொற்று நீடிச்சது, 12 வாரத்துல 9.4%. உலோகத்து மேல படலம் கட்டி உட்கார்ந்த கிருமி அது. எந்த உறுப்பு, மருந்து எவ்வளவு உள்ளே போகுதுன்னு பார்க்காம "குறைவே நிறைவு"ன்னு பேசக்கூடாது.

வார்டுரவுண்ட்ஸ்

காது ஆய்வு என் வாதத்துக்கு உண்மையிலேயே அடிதான். 2 வயதுக்குள் நடுக்காதுத் தொற்றுக்கு 10 நாள் என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மூக்குக் கிருமி பற்றி எதிர்ச்சான்றும் உண்டு. 2001இல் வெளியான ஆய்வில் 795 குழந்தைகளுக்கு அமாக்ஸிசிலின்: ஒரு பிரிவுக்கு கிலோவுக்கு நாளுக்கு 90 மில்லிகிராம், 5 நாள், மற்றதற்கு 40 மில்லிகிராம், 10 நாள். 28ஆம் நாள் பென்சிலினுக்கு மசியாத நியூமோகாக்கஸ் கிருமி மூக்கில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 24%, இரண்டாவதில் 32%. டோஸை உயர்த்தி நாளைக் குறைத்தால் இரண்டு பக்கமும் லாபம். நாளை மட்டும் குறைத்து டோஸைத் தொடாமல் விடுவதுதான் ஆபத்து.

நிமோனியாவில் இன்னும் தெளிவு. வீடு திரும்பக்கூடிய நிலையிலிருந்த குழந்தைகளுக்கு 3 நாளா 7 நாளா என்று பார்த்த கேப்-ஐடி ஆய்வில், மறுபடி ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் இரு பிரிவிலும் 12.5%. இருமல் மட்டும் 10 நாளுக்குப் பதில் 12 நாள் நீடித்தது. இந்த 2 நாளைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், இருமல் நிற்கவில்லை என்று இன்னொரு மருந்து வாங்கிவிடுவார்கள்.

சிறார்நலம்

சரி, அப்போ "தோல்வி"ன்னு எதைச் சொல்றோம்னும் பேசணும். குழந்தைகளோட சிறுநீர்த் தொற்று: 5ஆம் நாள் தேறியிருந்த குழந்தைகளை மட்டும் எடுத்து, நிறுத்தினா 4.2% தோல்வி, இன்னும் 5 நாள் கொடுத்தா 0.6%. ஏழு மடங்குன்னு சொன்னா பயமா இருக்கு. ஆனா வித்தியாசம் 3.6 புள்ளி. ஒரு தோல்வியைத் தடுக்க 28 குழந்தைகளுக்கு 5 நாள் கூடுதலா கொடுக்கணும். சிறுநீரகத்துல ஏற்கனவே கோளாறுள்ள குழந்தைன்னா நான் கொடுப்பேன். மத்தவங்களுக்கு, மறுபடி காய்ச்சல் வந்தா அன்னைக்கே சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) எடுக்க வழி இருந்தா, நிறுத்தலாம்.

மருந்துச்சீட்டு

மருந்துக்கடைக் கவுன்டர் பக்கத்திலிருந்து ஒரு கவலை. "தேறினால் நிறுத்தலாம்" என்று பொதுவில் சொன்னால் காசநோயாளி காதிலும் அதுவேதான் விழும். நுரையீரல் குழி ஒன்றில் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். பாடநூல் கணக்குப்படி 10 லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்துக்கு இயல்பாகவே மசியாது. மருந்து தொடங்கும் முன்பே அங்கே அப்படி 100 கிருமிகள் உண்டு. அதனால்தான் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம். இருமல் சில வாரத்திலேயே அடங்கிவிடும். 4 மாதமாகக் குறைக்க 2014இல் வந்த மூன்று பெரிய ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்து ஆய்வுகளும் தோற்றன. 2021இல் ரிஃபாபென்டினும் மாக்சிஃப்ளாக்சசினும் சேர்ந்தபோதுதான் 4 மாதம் தேறியது. நோயாளி தேறியதாக உணர்வதற்கும் கிருமி தீர்வதற்கும் அங்கே சம்பந்தமில்லை.

வார்டுரவுண்ட்ஸ்

அதனால் "தேறினால் நீங்களே நிறுத்துங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம். தேறியதை அளந்து பார்க்க வேண்டும். பிரான்சில் நடந்த நிமோனியா ஆய்வு 3ஆம் நாள் பார்த்தது இவற்றை: வெப்பம் 37.8 டிகிரிக்குள், நாடி 100க்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24க்குக் கீழ், ஆக்சிஜன் 90% அல்லது மேல், மேல் இரத்த அழுத்தம் 90 அல்லது மேல், நினைவு தெளிவு. எல்லாம் சரியாக இருந்த 310 பேரைத்தான் பிரித்தார்கள். 15ஆம் நாள் குணம், 3 நாளோடு நிறுத்தியவர்களில் 77%, 8 நாள் எடுத்தவர்களில் 68%. ஒன்று தவறினாலும் நிறுத்தக்கூடாது; நுரையீரல் உறையில் சீழ் சேர்ந்திருக்கிறதா, லீஜியோனெல்லா என்ற வேறு வகைக் கிருமியா என்று தேட வேண்டும்.

எல்லைக்கோடு

இப்போது நெருங்கி வந்துவிட்டோம். என் மறுப்பு ஒன்றுதான் மிச்சம். அந்த ஆறு அளவையும் 3ஆம் நாள் எடுத்தது ஆய்வுக்குழு. வெளிநோயாளியாக மாத்திரை வாங்கிப் போனவருக்கு யார் எடுப்பார்கள்? அளக்க ஆளில்லாத இடத்தில் 3 நாள் சீட்டு எழுதினால், தேறாதவரும் 3 நாளில் நிறுத்திவிடுவார். அங்கே பெரியவர்களின் நிமோனியாவுக்கு 5 நாள் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மருந்துச்சீட்டு

5 நாளோ 7 நாளோ, நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதுங்கள். "1-0-0 × 5" (காலையில் ஒன்று, 5 நாள்) என்று மட்டும் இருந்தால், 10 மாத்திரை ஸ்ட்ரிப்பில் மீதியிருப்பதையும் சேர்த்து விழுங்குவார்கள், இல்லையென்றால் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பார்கள். கூடவே ஒரு வரி: "3ஆம் நாளும் காய்ச்சல் இருந்தால் மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் வரவும்." காசநோய்ச் சீட்டில் இந்த வரி வேண்டாம். அங்கே பழைய வாசகமே இருக்கட்டும்.