முழுச் சிலை செதுக்க எந்த மரம்: பச்சை வாகையா, குமிழ்ப் பலகையா?

புதுஉளி:
ஒன்றரை அடி உயரத்தில் நின்ற கோலப் பிள்ளையார் செதுக்க வேண்டும். கைவசம் இருப்பவை: போன மாதம் வெட்டிய வாகைக் கட்டை, 10 அங்குல விட்டம், 2 அடி நீளம், பட்டையோடு இருக்கிறது. 2 அங்குல கனம், 10 அங்குல அகலத்தில் காய்ந்த குமிழ்ப் பலகை. உளி ஆறு, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) ஒன்று. மெஷின் கிடையாது. எதில் தொடங்கலாம்? தேக்கு, வேம்பு வாங்குவது மேலா?

வைரக்கட்டை:
குமிழில் தொடங்குங்கள். மிருதுவானது, காயும்போது அதிகம் முறுக்காது, உளிக்கும் இதமானது.

அந்த வாகையை மட்டும் இன்றைக்கே கவனியுங்கள். காய்கிற மரம் வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் நடுப்புள்ளி உள்ளே இருக்கும் உருண்டைக் கட்டை, பட்டை முதல் நடு வரை பிளந்தே தீரும். முகத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் தப்பாது.

பட்டையை உரித்துவிடுங்கள், வண்டு அதற்கடியில்தான் ஒளியும். அறுவை மில்லில் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுப்புள்ளியைச் சுற்றி ஓர் அங்குலம் கழித்துவிடுங்கள். இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகோ கெட்டியான ஃபெவிக்காலோ இரண்டு பூச்சு அடியுங்கள். ஈரம் முனை வழியேதான் வேகமாக ஓடும். 18 அங்குலச் சிலைக்கு 24 அங்குலக் கட்டை இருப்பதால், முனை வெடித்தாலும் பக்கத்துக்கு 3 அங்குலம் வெட்டி எறியலாம்.

நிழலில், தரையில் படாமல், அடியில் சட்டம் கொடுத்துக் காய வையுங்கள். ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. சீக்கிரம் காய வேண்டுமானால், சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுக் கரடுமுரடாக உருவை வெட்டி, முதுகுப் பக்கம் குடைந்துவிட்டுக் காய வைக்கலாம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் நுணுக்க வேலைக்குத் தயார்.

சாணைக்கல்:
குமிழைப் பற்றி ஒன்று. ஒரு பலகையில் புடைப்புச் சிற்பம்தான் வரும், முழுச் சிலை வராது. மூன்று துண்டை ஒட்டினால் ஆறங்குலம், இழைத்த பின் ஐந்தே கால் கிடைக்கும். நாரோட்டம் மூன்றிலும் ஒரே திசையில் இருக்கட்டும். கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பலகைகளை முன்பின்னாக அடுக்க வேண்டும். பக்கவாட்டில் சேர்த்தால் ஒட்டுக்கோடு தும்பிக்கை வழியே நேராக இறங்கும். பின்னால் வார்னிஷ் அடித்தாலும் அது தெரியும்.

தேக்கு நிலையானது, ஆனால் அதில் உள்ள சிலிக்கா உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கும். மணிக்கொரு தரம் தீட்ட வேண்டியிருக்கும். வேம்பின் வைரத்தை (நடுவில் உள்ள கெட்டியான மரத்தை) பூச்சி லேசில் தொடாது, ஆனால் நாரோட்டம் மாறி மாறி ஓடுவதால் மூக்கு, விரல் போன்ற இடங்களில் பெயர்ந்து வரும். முதல் சிலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

வைரக்கட்டை:
வாகையிலும் அப்படி மாறி மாறி ஓடும் நாரோட்டம் உண்டு. சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் வாகையில் சிலை செதுக்குகிறார்கள், ஆகவே முடியாத மரம் இல்லை. உளியைச் சாய்த்து, நாருக்குக் குறுக்காக மெல்லிசாகச் சீவுங்கள். நேராகத் தள்ளினால் ஒரு வரி வழுவழுப்பாக வரும், அடுத்த வரி பெயர்ந்து கிளம்பும். வாகைத் தூள் தும்மல் வரவைக்கும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர் நிற மரம்) இருக்கும் பகுதி மாவுச்சத்து நிறைந்தது, உளுத்துப் போகும். 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து இரண்டு முறை தடவுங்கள். எண்ணெய், வார்னிஷ் எல்லாம் அதன் பிறகுதான். முதலில் எண்ணெய் பூசிவிட்டால் மருந்து உள்ளே இறங்காது.

புதுஉளி:
பழைய நிலைப்படித் தேக்கு கிடைத்தால் எடுக்கலாமா?

சாணைக்கல்:
தாராளமாக. பல வருஷம் காய்ந்த மரம், இனி பெரிதாகச் சுருங்காது. ஆனால் காந்தத்தை நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தலை உடைந்து உள்ளே தங்கிய ஆணி ஒன்று போதும், உளி பல் விழுந்துவிடும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். அந்தப் பகுதி பீடத்துக்கு வரும்படி கட்டையைத் திருப்பி வைத்துக் கோடு போடுங்கள்.