கடைசியா பொறிச்ச குஞ்சு நிக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?

மாடிக்கோழி:
சிறுவிடை (நாட்டுக்கோழில சின்ன ரகம்) ஒண்ணை 11 முட்டைல அடை வச்சிருந்தேன், ரெண்டு கூமுட்டை, 8 குஞ்சு 21ஆம் நாள் நேத்தே வந்துருச்சு, ஒண்ணு மட்டும் இன்னைக்கு காலைல தான் ஓட்டை விட்டு வந்துச்சு. தாய்க்கோழி மத்ததுகளை கூட்டிட்டு கிளம்பிருச்சு. இது தனியா கிடந்து கத்திட்டே இருந்துச்சு, இப்ப சத்தமே இல்ல, ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு தவளை மாதிரி கிடக்கு. அட்டைப்பெட்டில பேப்பர் விரிச்சு வச்சிருக்கேன். அம்மா கம்பங்கூழை கரைச்சு வாயில ஊத்துன்றாங்க, ஊத்தவா?

பஞ்சாரம்:
ஊத்தாதீங்க ப்ரோ, மூச்சுக்குழல்ல இறங்குனா அவ்ளோ தான். பொறிச்ச குஞ்சு வயித்துல மஞ்சக்கரு இருக்கு, ரெண்டு நாளைக்கு அதுவே போதும், பசியால சாகாது, குளிர்ல தான் சாகும். காலை தொட்டு பாருங்க, சில்லுனு இருக்கும். பெட்டியோட ஒரு ஓரமா குண்டு பல்பு தொங்க விடுங்க, பல்புக்கு அடில 35 டிகிரி வந்தா சரி, இன்னொரு ஓரம் சூடில்லாம இருக்கட்டும். வாயை பிளந்து மூச்சு வாங்குச்சுனா பல்பை மேல தூக்குங்க. உடம்பு சூடான அப்புறம் வெல்லம் கரைச்ச தண்ணியை விரல்ல தொட்டு அலகு ஓரத்துல ஒரு சொட்டு வைங்க, அதுவே சப்பி குடிக்கும்.

கரிசல்காடு:
பேப்பரை முதல்ல எடுங்க, வழுக்கி வழுக்கி தான் கால் இன்னும் விரியும். சாக்கு போடுங்க. பிளாஸ்திரியை நீளவாக்குல மெல்லிசா வெட்டி ரெண்டு காலையும் சேர்த்து, நடுவுல அது சாதாரணமா நிக்கிற அளவு இடைவெளி விட்டு, விலங்கு மாட்டுற மாதிரி ஒட்டுங்க. எலும்பு இளசா இருக்கும்போதே பண்ணணும், ஒரு வாரம் போனா கஷ்டம். நான் ஒருதடவை இறுக்கி ஒட்டி பாதமே வீங்கிருச்சு, அதனால தினம் கழட்டி பாருங்க.

பஞ்சாரம்:
இன்னொண்ணு, பின்பக்கம் எச்சம் காஞ்சு அடைச்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணில பஞ்சை நனைச்சு ஊற வச்சு துடைங்க, பிச்சு இழுக்காதீங்க. தொப்புள்ல நூல் மாதிரி எதாவது தொங்குனாலும் கை வைக்காதீங்க, தானா காஞ்சு விழும்.

மாடிக்கோழி:
ரொம்ப தேங்க்ஸ்ணா. வீட்ல எல்லாம் எல்இடி, அது சூடே ஆகல, கடைல குண்டு பல்பும் இல்ல, அப்புறம் வெந்நீர் பாட்டிலை அப்பாவோட பழைய வேட்டில சுத்தி பக்கத்துல வச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்துறேன். ஒன்பது மணிக்கு மேல தான் கண்ணே திறந்துச்சு, நாலு சொட்டு வெல்லத்தண்ணி குடிச்சது, பிளாஸ்திரி ஒட்டுனதும் ரெண்டு தடவை குப்புற விழுந்து எந்திரிச்சு இப்ப காட்டுக்கத்தல். தாய்கிட்ட எப்ப விடலாம்?

கரிசல்காடு:
பிளாஸ்திரி எடுத்து நல்லா நடக்கட்டும் தம்பி, அதுக்கு முன்னாடி விட்டா மத்த குஞ்சுங்க மிதிச்சே தள்ளிரும். ராத்திரி இருட்டுன அப்புறம் மெதுவா றெக்கைக்கு அடில தள்ளி விடுங்க, பகல்ல விட்டா கொத்த சான்ஸ் இருக்கு. அப்படியே ஏழாம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல் நோய்) சொட்டு மருந்து, 9க்கும் சேர்த்து போட்ருங்க.