286இல் விண்டோ டூல்கிட்: 102 வரிக்கு ஒருமுறை படம் திரும்ப வருகிறது

ஹட்டன்_286:
லினக்ஸில் ஓடும் சின்ன விண்டோ டூல்கிட் (விண்டோ, பொத்தான் வரையும் நிரல் தொகுப்பு) ஒன்றைப் பழைய டொஸ் இயங்குதளத்துக்குக் கொண்டுவருகிறேன். சி மொழியில் எழுதியது. மெஷின் 12 மெகாஹெர்ட்ஸ் 286 ப்ரொசஸர், 1 எம்பி ரெம், 256 கேபி விஜிஏ கார்ட், கொம்1இல் சீரியல் மவுஸ். கம்பைலர் ஓப்பன் வொட்கொம், லார்ஜ் மொடல் (நினைவகத்தை 64 கேபி துண்டுகளாகக் கையாளும் முறை). திரை 640×480, 16 நிறம். தோட்டத்தில் அன்றாடம் நிறுக்கும் கொழுந்தைப் பதிய ஒரு படிவம் வேண்டும், பொத்தான்கள் தமிழில்.

பிக்சலுக்கு ஒரு பைட் என்று அகலம்×உயரம் அளவுக்கு மெலொக் (நினைவகத்தில் இடம் கேட்கும் ஃபங்ஷன்) செய்து, அதில் வரைந்து, திரைக்குக் கொப்பி செய்கிறேன். மெலொக் தோற்கவில்லை. ஆனால் இடது மேல் மூலையில் இருப்பது 102ஆம் வரியில், 256 பிக்சல் வலப்பக்கம் தள்ளி மறுபடி தெரிகிறது. வெளியேறினால் மெமரி அலொகேஷன் எரர் என்று டொஸ் நின்றுவிடுகிறது. கொப்பி நடக்கும்போது மவுஸை அசைத்தால் நிறங்களும் கலைகின்றன. கார்ட் பழுதா?

பண்டாரவளை_பிட்:
கார்டில் குறை இல்லை தம்பி. அந்த 102உம் 256உம் தான் விடை: 102×640+256 = 65536. 16 பிட்டில் ஒஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்) அங்கே பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

மெலொக் தோற்காததுதான் பெரிய ஆபத்து. 640×480 = 307200, ஆனால் இன்ட் (சி மொழியின் முழு எண்) 16 பிட் என்பதால் கிடைத்தது 45056 பைட் மட்டும். 70ஆம் வரி நடுவிலேயே உங்கள் இடம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுதிய 20480 பைட்டும் அடுத்தவர் இடத்தில் விழுந்தன. டொஸ் நின்றது அதனால்தான்.

64 கேபியைத் தாண்டும் இடத்துக்கான ஹெலொக், ஹியூஜ் பொயின்டர் போட்டால் இடம் கிடைக்கலாம். நான் அதைச் சொல்லமாட்டேன். 640 கேபியில் 300ஐ அதற்கே கொடுத்து, ஒவ்வொரு பிக்சலையும் நான்கு பிளேனாக (ஒன்றில் பிக்சலுக்கு ஒரு பிட்) பிரித்து அனுப்ப 286ஆல் முடியாது. மெலொக் செய்த பஃபரைத் தூக்கிவிட்டு, கார்டின் நினைவகம் இருக்கும் ஏ000 செக்மெண்டில் நேரே வரையுங்கள். வரிக்கு 80 பைட், மொத்தம் 38400. ஒரே செக்மெண்டில் அடங்கும். ஒஃப்செட்டை அன்சைன்டாக (மைனஸ் இல்லாத எண்ணாக) வையுங்கள், 409ஆம் வரியில் 32767ஐத் தாண்டிவிடும்.

செவ்வகம் நிரப்ப: கார்டின் 3சிஈ போர்ட்டில் இன்டெக்ஸ் 0க்கு நிறம், இன்டெக்ஸ் 1க்கு 0எஃப், இன்டெக்ஸ் 8க்கு ஓரத்தின் பிட் மாஸ்க் (பைட்டில் எந்தப் பிக்சல்கள் மாறலாம் என்பது). ஓரத்துப் பைட்டை எழுதுமுன் ஒருமுறை வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் லெட்ச் (கடைசியாக வாசித்ததைக் கார்ட் வைத்திருக்கும் இடம்) நிரம்பும். விட்டால் ஓரத்துக்கு வெளியே 7 பிக்சல் வரை பழைய குப்பை ஒட்டிக்கொள்ளும்.

விண்டோவை நகர்த்த ரைட் மோட் 1, அதாவது லெட்சில் உள்ளதை அப்படியே எழுதும் முறை. ஒரு பைட் வாசித்து எழுதினால் நான்கு பிளேனும் சேர்ந்து நகரும். ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும் மொவ்ஸ்பி மட்டும், இரண்டிரண்டாக நகர்த்தும் மொவ்ஸ்டபிள்யூ வேண்டாம்: லெட்சில் பிளேனுக்கு ஒரு பைட்டுக்குத்தான் இடம். விண்டோவின் இடது ஓரம் 8இன் மடங்கில் நிற்கட்டும்.

லிந்துலை_மூடுபனி:
நிறக் கலைவு மவுஸ் ட்ரைவரால். நீங்கள் வரையும் நடுவில் அது இன்டரப்டில் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி) புகுந்து கர்சரைத் தீட்டுகிறது. இருவரும் தொடுவது கார்டின் ஒரே ரெஜிஸ்டர்களை. இன்டரப்ட் 33 ஹெக்ஸில் ஃபங்ஷன் 2 கொடுத்து கர்சரை மறையுங்கள், வரைந்தபின் 1. மறைத்ததை ட்ரைவர் எண்ணி வைக்கும்: இரண்டு முறை மறைத்தால் இரண்டு முறை காட்ட வேண்டும். டூல்கிட்டில் ஒரு விண்டோ வரையும்போது உள்ளே பொத்தானும் வரையும், எண்ணிக்கை அங்கேதான் பிசகும். மறைப்பதையும் காட்டுவதையும் ஆக வெளியே உள்ள ஒரே இடத்தில் வையுங்கள். மவுஸ் நிகழ்வின்போது ட்ரைவர் அழைக்கும் ஃபங்ஷன் 0சி ஹேண்ட்லர் வைத்தால் நிகழ்வை வரிசையில் போடுவதோடு அது திரும்பிவிட வேண்டும். உள்ளே எதையும் வரையக்கூடாது.

ஹட்டன்_286:
நன்றி அண்ணாமாரே, இரட்டிப்பு நின்றுவிட்டது. இனி தமிழ் எழுத்து. லினக்ஸில் எழுத்துகளைச் சேர்த்துத் தரும் லைப்ரரி இங்கே ஏறாது.

பண்டாரவளை_பிட்:
அதை ஏற்றவே வேண்டாம். 247 எழுத்தையும் புதிய மெஷினில் 24×20 படங்களாகத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒன்று 60 பைட், எல்லாம் சேர்ந்து 14820. கிரந்தம் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த அகலத்தையும் ஒரு பைட்டில் வையுங்கள். ‘ர’வுக்கும் ‘ணௌ’வுக்கும் ஒரே இடம் விட்டால் வாசிக்கச் சகிக்காது. பொத்தான் சொற்களையும் அங்கேயே எண்களாக மாற்றிக் கொண்டுவாருங்கள்: ‘கொழுந்து’ என்றால் கொ, ழு, ந், து, நான்கே எண். ‘கொ’ முழுசாக ஒரே படம் என்பதால் கொம்பு முன்னுக்கா பின்னுக்கா என்று 286 யோசிக்கத் தேவையில்லை. தீட்ட ரைட் மோட் 3 (எழுதும் பைட்டையே மாஸ்க்காக எடுக்கும் முறை) பொருந்தும், அங்கேயும் முதலில் வாசிப்பு. பிட் மாஸ்க்கை எஃப்எஃப்புக்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எழுத்துகளில் பாதி காணாமல் போகும்.

லிந்துலை_மூடுபனி:
புதிய மெஷினிலிருந்து ப்ளொப்பியில் கொண்டுவருவதானால் முதலில் ஷட்டரைத் தள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். நம் பக்கத்து ஈரத்தில் தட்டில் பூஞ்சணம் வெண்புள்ளியாகப் படிந்திருக்கும். அப்படி ஒன்றைப் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல ப்ளொப்பியையும் கீறிவிடும்.