மண்டி வீடு (குடும்பக் குழு): மழைக்கு நின்ன ஃபைனல்

2 நவம்பர் 2025, ஞாயிறு

மதியம் 3.05

பாப்பா: எல்லாரும் டிவி முன்னாடி வந்தாச்சா? லேடீஸ் வேர்ல்டு கப் ஃபைனல், நவி மும்பைல மழை. இன்னும் டாஸே போடல.

பெரியப்பா: வந்தாச்சு கண்ணு. என் சேர்ல உக்காந்துட்டேன்.

செல்வி அத்தை: அந்த பிரம்பு சேரா அண்ணா? இன்னுமா இருக்கு?

பெரியப்பா: 2011ல ஜெயிச்சுக் குடுத்த சேர். தூக்கிப் போட்டுருவேனா?

நான்: ஜெயிச்சது தோனி இல்லீங்களா பெரியப்பா?

பெரியப்பா: தோனி வான்கடேல. சேர் காவேரிப்பட்டினத்துல. ரெண்டும் வேணும்டா.

ஓசூர் சித்தப்பா: இப்பவே ஆரம்பிச்சாச்சு 😄

பாப்பா: மழை விடற வரைக்கும் ஆளுக்கு ஒரு மேட்ச் சொல்லுங்க. 83 மட்டும் வேணாம். அதை எல்லாரும் சொல்லுவாங்க.

பெரியப்பா: 83ஐ நான் எங்க பார்த்தேன்? நம்ம ஊர்ல அப்ப டிவி ஏது? 183 அடிச்சு 43 ரன்ல ஜெயிச்சோம்னு ரேடியோ செய்தில சொன்னதை உங்க தாத்தா நம்பவே இல்ல. வெஸ்ட் இண்டீஸ் தோக்குமாடா, போய் சரியா கேட்டுட்டு வான்னாரு.

நான்: கபில் 175 அடிச்சதும் அதே வேர்ல்டு கப்தானே?

பெரியப்பா: ஆமா, ஜிம்பாப்வே மேட்ச். 17க்கு 5 விக்கெட் போன அப்புறம் அடிச்சது. அன்னிக்கு பிபிசி படமே எடுக்கல. அந்த ஒரு மேட்ச்ல மட்டும் லண்டன்காரனும் நம்ம ஊர்க்காரனும் ஒண்ணுதான். யாருமே டிவில பார்க்கல.

மதியம் 3.17

பெரியப்பா: நான் சொல்றது 87. அக்டோபர் 9. சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவோட. மண்டில மாங்கா சீசன் முடிஞ்சு கையில கொஞ்சம் காசு இருந்துது. ராத்திரி பஸ் ஏறி மூணு பேர் மெட்ராஸ் போனோம். புளிசாதம் கட்டிக் குடுத்தா உங்க பெரியம்மா.

பெரியப்பா: ஜெஃப் மார்ஷ் 110 அடிச்சான். அது கெடக்கட்டும். டீன் ஜோன்ஸ் ஒரு பந்தைத் தூக்கினான் பாரு, கயிறுகிட்ட போய் விழுந்துது. அங்க நின்ன ரவி சாஸ்திரி ஃபோர்னுட்டாரு. அம்பயரும் நாலு குடுத்துட்டாரு. நாங்க உக்காந்த இடத்துல இருந்து பார்த்தா சுத்தமா சிக்ஸ். எவன் வாயைத் திறப்பான்? மொத்த ஸ்டேண்டும் வானத்தைப் பார்த்துச்சு.

ஓசூர் சித்தப்பா: 😂

பெரியப்பா: இடைவேளைல ஆஸ்திரேலியாக்காரன் கேட்டுட்டான். கபில்தேவும் சரின்னுட்டாரு. 268ஆ இருந்தது 270 ஆயிருச்சு. சாப்பிட்டுட்டு வந்து போர்டைப் பார்த்தா ரெண்டு ரன் கூட நிக்குது. நம்ம ஆட்டம் ஜோரா போச்சு. ஸ்ரீகாந்த் 70, சித்து 73. சித்துக்கு அதுதான் முதல் ஒன்டே. 2 விக்கெட்டுக்கு 207. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சுது. கடைசி ஓவர் 6 ரன், கடைசி ஜோடி, மனிந்தர் சிங் பேட்டிங். ஸ்டீவ் வாஹ் போடறான். நாலு எடுத்துட்டான் மனிந்தர். ரெண்டு பந்து, ரெண்டு ரன். போல்டு.

நான்: 269 ஆல் அவுட். ஒரு ரன்.

பெரியப்பா: அந்த ரெண்டு ரன்னைச் சேர்க்காம இருந்தா நாம ஜெயிச்சிருக்கோம்.

பாப்பா: கபில் பண்ணது தப்புங்கறீங்களா பெரியப்பா?

பெரியப்பா: தப்பே இல்ல. சிக்ஸ் சிக்ஸ்தான். ஆனா வாணியம்பாடி வர்ற வரைக்கும் பஸ்ல அவரைத் திட்டிட்டேதான் வந்தேன்.

பெரியம்மா: புளிசாதம் குடுத்தனுப்பின தூக்கை ஸ்டேடியத்துலயே விட்டுட்டு வந்தாரு. எவர்சில்வர் தூக்கு. எங்கம்மா சீர்ல வச்சது

செல்வி அத்தை: அண்ணி வந்துட்டாங்க!

பெரியப்பா: ஒரு ரன்ல தோத்து நிக்கறப்ப தூக்கு எங்கடீ ஞாபகம் வரும்?

பெரியம்மா: எனக்கு மட்டும் மறக்காம வருதே

நான்: ரெண்டு பேரும் ஒரே ஹால்லதானே இருக்கீங்க? எதுக்கு குரூப்ல சண்டை?

பெரியம்மா: நான் ஹால்ல இல்ல கண்ணு. அடுப்படில

மதியம் 3.34

ஓசூர் சித்தப்பா: இந்த அடுப்படிக் கதையை நான்தான் சொல்லணும். நேர்ல பார்த்த சாட்சி. 9 மார்ச் 96. பெங்களூர்ல குவார்ட்டர் ஃபைனல், பாகிஸ்தானோட. ஓசூர்ல இருந்து 40 கிலோமீட்டர்தான். டிக்கெட் கெடைக்கல. சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளிய நின்னு சத்தத்தையாவது கேட்டுட்டு வரலாம்னு கெளம்பினேன். அண்ணன் புதுசா கலர் டிவி வாங்கியிருந்தாரு, இங்க வாடான்னு கூப்பிட்டாரு.

ஓசூர் சித்தப்பா: ஹால் ஃபுல்லு. மண்டி ஆளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, ஜன்னலுக்கு வெளிய ஒரு கூட்டம். அஜய் ஜடேஜா 25 பந்துல 45. வக்காரோட கடைசி ரெண்டு ஓவர்ல மட்டும் 40 ரன். 287. சரி முடிஞ்சுதுன்னு பார்த்தா அன்வரும் சோகைலும் பத்து ஓவர்ல 84 அடிச்சுட்டாங்க. ஒருத்தனும் பேசல.

ஓசூர் சித்தப்பா: அன்வர் போயிட்டான். சோகைல் நிக்கறான். வெங்கடேஷ் பிரசாத் பந்து. அந்த நேரம் அண்ணி டீத் தட்டோட நிலைப்படில வந்து நின்னாங்க. பளீர்னு கவர்ல ஃபோர். சோகைல் பேட்டை நீட்டிக் காட்டறான், போய் பொறுக்கிட்டு வாங்கற மாதிரி. அண்ணன் டிவியை விட்டுட்டு அண்ணியைப் பார்த்தாரு. "நீ வந்து நின்னாலே ஃபோர் போவுது, உள்ள போ." அண்ணி திரும்பினாங்க. அடுத்த பந்து, ஆஃப் ஸ்டம்ப் மல்லாந்துருச்சு.

பாப்பா: ஐயோ, அந்த பந்துக்கா!

பெரியம்மா: சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வராத வராதன்னு மொத்த ஹாலும் கத்துது. என் வீட்ல உக்காந்து நான் போட்ட டீயைக் குடிச்சிட்டு

செல்வி அத்தை: அன்னிக்குப் புடிச்சது அண்ணிக்கு சனி. அப்புறம் எந்த பெரிய மேட்ச்னாலும் அடுப்படி டியூட்டி.

பெரியப்பா: 39 ரன்ல ஜெயிச்சோம்ல?

பெரியம்மா: அடுத்து கல்கத்தா மேட்சுக்கும் உள்ளதான் இருந்தேன். நிலைப்படியைக்கூட மிதிக்கல. அது யாரால போச்சுன்னு கேளு பாப்பா

நான்: இலங்கை செமி ஃபைனல். 98க்கு 1ல இருந்து 120க்கு 8. சச்சின் ஸ்டம்பிங் ஆனதும் சீட்டுக்கட்டு. காம்ப்ளி அழுதுட்டே போனாரு.

பெரியப்பா: அது பிச்சுடா. ரெண்டாவது இன்னிங்ஸ்ல பந்து கண்டபடி திரும்புச்சு. டாஸ் ஜெயிச்சு பௌலிங் எடுத்தா வேற என்ன ஆகும்?

செல்வி அத்தை: ஜெயிச்சா அண்ணி உள்ள போனதால. தோத்தா பிச்சு. நல்லா இருக்கு நியாயம்.

மதியம் 3.50

செல்வி அத்தை: என்னோடது ஷார்ஜா 98. ஆனா பார்த்தேன்னு சொல்ல முடியாது. அங்க புழுதிப் புயல் அடிச்சுது, இங்க தர்மபுரில கரண்ட் போயிருச்சு. கரண்ட் வந்தப்ப சச்சின் 143ல அவுட் ஆகி நடந்து போறாரு. மேட்ச் தோல்வி, ஆனா ஃபைனலுக்கு 237 போதும், அது தாண்டியாச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்ல 134 அடிச்சாரு. அதை மட்டும் முழுசா பார்த்தேன்.

நான்: எனக்கு 2003. சென்சூரியன்ல அக்தர் பந்தை தேர்ட் மேன் மேல சச்சின் அடிச்ச சிக்ஸ். திங்கக்கிழமை ஸ்கூல்ல எல்லாரும் அதே ஷாட்தான், பாதிப் பேருக்கு மூக்குல அடி. ஃபைனல்ல பான்டிங் 140. பேட்டுக்குள்ள ஸ்பிரிங் வச்சிருந்தான், மேட்சைத் திரும்ப நடத்தப் போறாங்கன்னு ஒருத்தன் கெளப்பி விட்டான். அதை நம்பி ரொம்ப நாள் காத்துட்டு இருந்தோம்.

ஓசூர் சித்தப்பா: ஸ்பிரிங் கதை எங்க கம்பெனி வரைக்கும் வந்துச்சுடா. பெரிய பெரிய ஃபிட்டருங்களே அது எந்த சைஸ் ஸ்பிரிங்கா இருக்கும்னு பேசிட்டு இருந்தாங்க.

பெரியப்பா: அந்த ஃபைனலுக்கும் உங்க பெரியம்மா உள்ளதான் இருந்தா.

பெரியம்மா: அதைத்தான் நானும் சொல்றேன்

பாப்பா: 😂😂 பெரியப்பா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க

பெரியப்பா: நாட்வெஸ்ட் ஃபைனலை எடுத்துக்க. 13 ஜூலை 2002. 326 அடிக்கணும். சச்சின் போனதும் 146க்கு 5. டிவியை அணைச்சிட்டு லோடு ஏத்தப் போயிட்டோம். பெங்களூரா காய், மாங்கூழ் கம்பெனிக்குப் போற லாரி. டிரைவர் மட்டும் டிவியைத் திரும்பப் போட்டு உக்காந்துட்டான். கொஞ்ச நேரத்துல அண்ணே வாங்கன்னு கத்தறான். யுவராஜும் கைஃபும். அப்புறம் எங்க லோடு? கங்குலி பால்கனில சட்டையைக் கழட்டி சுத்தறப்ப எங்க ஆளுங்க துண்டைச் சுத்தறாங்க. கம்பெனிக்காரன் போன் மேல போன். லாரி எங்கய்யான்னு.

செல்வி அத்தை: 2011 சொல்லுங்க அண்ணி. நீங்க அதை "கேட்ட" கதையை.

பெரியம்மா: எல்லா மேட்சும் காதாலதானே பார்த்தேன். விக்கெட் போனா இவர் தொடைல அறையற சத்தம். கேட்ச் விட்டா அய்யன்னு ஒரு இழுப்பு. சிக்ஸ்னா பிரம்பு சேர் தரையில தேயும். 2011ல ஊரே வெடி வெடிக்குது, ஹால்ல மட்டும் ஒரு சத்தமும் இல்ல. என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்தா தேம்பித் தேம்பி அழுதுட்டு இருக்காரு

பெரியப்பா: அதை எதுக்கு இப்ப குரூப்ல போடற?

ஓசூர் சித்தப்பா: அண்ணா 😂

மாலை 4.12

பாப்பா: இப்ப நான். 2017, லார்ட்ஸ், லேடீஸ் வேர்ல்டு கப் ஃபைனல். நான் அப்ப சின்னப் பொண்ணு. லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்திருந்தேன். லேடீஸ் மேட்ச்தானேன்னு ஆம்பளைங்க ஒருத்தரும் வரல. ஹால்ல நானும் பெரியம்மாவும்தான். 229 அடிக்கணும். பூனம் ராவத் 86. 191க்கு 3ல இருந்து 219க்கு ஆல் அவுட். ஷ்ரப்சோல் 6 விக்கெட். அன்னிக்குத்தான் நானும் பௌலிங் போடணும்னு தோணுச்சு.

பெரியப்பா: பார்த்தியா? உங்க பெரியம்மா உக்காந்தா, 9 ரன்ல தோல்வி. நான் சொன்னா பழங்காலம்னு சிரிப்பீங்க.

பாப்பா: பெரியப்பா!!!

பெரியம்மா: வியாழக்கிழமை ராத்திரி எங்க போனீங்க?

பெரியப்பா: ராயக்கோட்டை கல்யாண ரிசப்ஷனுக்கு. ஏன்?

பெரியம்மா: அன்னிக்கு ஆஸ்திரேலியா செமி ஃபைனல். 338 அடிச்சாங்க. முதல் பந்துல இருந்து கடைசி வரைக்கும் ஹால்லதான் இருந்தேன். ஜெமிமா 127. நாட் அவுட்

பெரியம்மா: உங்க சேர்ல உக்காந்து பார்த்தேன்

ஓசூர் சித்தப்பா: போச்சுடா

நான்: ஒன்டேல ஆம்பள டீம், லேடீஸ் டீம் யாரும் வேர்ல்டு கப் நாக் அவுட்ல அவ்வளவு பெரிய ஸ்கோரை அடிச்சு ஜெயிச்சதில்ல பெரியப்பா. உங்க கணக்குப்படி அது பெரியம்மா அக்கவுண்ட்.

செல்வி அத்தை: அண்ணன் ரொம்ப நேரமா டைப் பண்றாரு, பண்றாரு, ஒண்ணும் வரக் காணோம்.

பெரியப்பா: சரி. அவளையே சேர்ல உக்காரச் சொல்லு.

பாப்பா: நீங்க?

பெரியம்மா: பால் ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல இருக்கு. இஞ்சி கூடைல

மாலை 4.36

பாப்பா: டாஸ் போட்டாச்சு. சவுத் ஆப்பிரிக்கா பௌலிங். 5 மணிக்கு ஆரம்பம்.

இரவு 7.20

பெரியப்பா: ஷஃபாலி எவ்வளவு? இவ வாயே திறக்க மாட்டேங்கறா. அடுப்படில இருந்து ஒண்ணும் தெரியல.

நான்: 87ல அவுட் பெரியப்பா. பிரதிகா ராவலுக்கு அடிபட்டதால செமிக்குத்தான் டீமுக்கே வந்தாங்க.

பெரியப்பா: அவுட் ஆனதுக்கு ஒரு ஐயோவாவது போட வேணாமா மனுஷி?

இரவு 8.50

ஓசூர் சித்தப்பா: 298. போதுமா பாப்பா?

பாப்பா: வோல்வார்ட் சீக்கிரம் போனா போதும். நின்னா கஷ்டம் சித்தப்பா.

செல்வி அத்தை: அப்பாவை எப்ப இருந்துடி சித்தப்பான்னு கூப்பிடற?

பாப்பா: குரூப்ல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க அத்தை 😂

இரவு 11.35

பாப்பா: வோல்வார்ட் அவுட்!!!!! 101. அமன்ஜோத் கேட்ச். கைல வந்து எகிறுது, திரும்ப எகிறுது, கடைசில ஒத்தைக் கைல புடிச்சிட்டாங்க.

பெரியப்பா: இப்பதான் ஒரு சத்தம் வந்துச்சு. சேர் தேஞ்சுது.

நள்ளிரவு 12.02

நான்: ஜெயிச்சாச்சு! 246 ஆல் அவுட். 52 ரன். தீப்தி 5 விக்கெட். கடைசி கேட்ச் ஹர்மன்ப்ரீத்.

ஓசூர் சித்தப்பா: இங்க வெடி ஆரம்பிச்சாச்சு 🎆

செல்வி அத்தை: அண்ணி எங்க? அண்ணி?

பெரியப்பா: நான் ஹாலுக்கு வரலாமா?

பெரியம்மா: இன்னும் கப்பு குடுக்கல. இருங்க

பாப்பா: மிதாலி ராஜும் ஜூலனும் கிரவுண்டுக்கு வந்துட்டாங்க. அவங்க கைலயும் கப்பைக் குடுக்கறாங்க. நான் அழுதுட்டேன்.

பெரியம்மா: வாங்க. வரும்போது அடுப்பை அணைச்சிட்டு வாங்க. தீயற வாசனை வருது