தஞ்சைப் பக்கத்துக் கண்ணாடிக் கலைஞர்கள்: நாங்கள் பார்த்தவை

தஞ்சாவூர் உறுப்பினர்:

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் பலகையும் தங்க ரேக்கும்தான் நினைவுக்கு வரும். மராட்டியர் காலத்துத் தஞ்சையில் கண்ணாடி ஓவியமும் வளர்ந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இன்னும் வரைகிறார். பிழைப்புக்குச் சாமி படம். தனக்காக வரைவது, பறவைகள் வந்து தங்கும் வடுவூர் ஏரி.

கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கும் முறை இது. அதனால் வேலை கடைசியிலிருந்து தொடங்கும். பலகையில் வானத்தைப் பூசிவிட்டுப் பறவையை வைக்கலாம். இவரோ முதலில் நத்தைகுத்தி நாரையின் கண்ணை வைக்கிறார். அப்புறம் அலகு, இறகுக் கோடுகள், உடம்பின் நிறம், தண்ணீர். வானம் எல்லாவற்றுக்கும் கடைசி. இடம் வலமாக மாறும் என்பதையும் மனதிலேயே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் வைத்த கோடுதான் முன்னால் தெரியும், மேலே பூசி மறைக்க வழியில்லை. ஒன்று காயாமல் அடுத்ததைத் தொடவும் கூடாது.

"ஏரிக்கரையில கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டு வந்தாத்தான் கை நிக்குது தம்பி" என்றார். நான் இருந்தவரை ஒரே ஒரு சிறகுதான் முடிந்தது. பேச்சே இல்லை. கோயிலில்கூட என் மனம் அவ்வளவு நேரம் ஓடாமல் நின்றதில்லை. விலையைக் கேட்டுவிட்டு அச்சுப்படம் வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நாகப்பட்டினம் உறுப்பினர்:

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நிறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரியில் உருக்கி ஒட்டவைக்கிறார். கோடியக்கரைச் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும்தான் அவர் செய்யும் காட்சிகள். 2018 கஜா புயலில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்த பிறகு, அசையாத தண்ணீரை மட்டுமே செய்கிறார். பூநாரைகூட இருக்காது, சாம்பல், வெளிர்பச்சை, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

உருக்குவதைவிட ஆறவிடுவதில்தான் அவருக்குக் கவலை. சட்டென்று ஆறினால் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இழுப்பு தங்கி, நன்றாக இருந்த கண்ணாடி பிறகொரு நாள் தானாகவே விரிசல் விடும். இரவெல்லாம் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார். அந்த நேரத்தில் கரண்ட் போனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

கும்பகோணம் உறுப்பினர்:

தஞ்சாவூர் நண்பரே, எங்கள் தாத்தா வீட்டுக் கண்ணாடிப் படத்தில் வண்ணம் உரிகிறது. துடைக்கலாமா?

தஞ்சாவூர் உறுப்பினர்:

பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக்குள் வண்ணம் ஊறுவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஈரம் பட்டால் செதில் செதிலாக வந்துவிடும். மழைநீர் கசியும் சுவரிலிருந்து முதலில் கழற்றுங்கள். சட்டத்தைப் பிரிக்காமல், வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து எடுத்து வாருங்கள். பெரியவரிடம் நானே கூட்டிப்போகிறேன்.